தையலுக்கு அரை அங்குலம்

பழுப்புத் தாளை மேசையில் விரித்து
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தேன்.
போயாவுக்குக் கடை பூட்டு.
அக்கரைப்பற்றிலிருந்து அறுகம்பைக்கு
ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூட.
அந்தக் கொஞ்சத்தைத்தான் முதலில் எழுதினேன்.

வேன் கிருபைராசாவுடையது.
டீசலோடு சேர்த்து அவர் கேட்டதை
ஏழு பேருக்குப் பிரித்தால்
ஆளுக்கு இரண்டு சட்டைக் கூலி.
தர்மினி விரல்விட்டு எண்ணினாள்.
"ஒண்டரைச் சட்டை எண்டா நான் வாறன்."
மிச்ச அரைச் சட்டையைத்
தன் கணக்கில் போடச் சொன்னாள் பஸீனா,
மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

ஆறரைக்கு மணிக்கூட்டுச் சந்தி.
திருக்கோவிலில் லோகாவை ஏற்ற வேண்டும்.
கோமாரியில் தேத்தண்ணி.
பொத்துவில் தாண்டினால் பாலம்,
பாலத்தில் நிறுத்தி ஒரு போட்டோ.
பிறகு
கடல்.
கடலுக்கு நேரே எத்தனை மணி போடுவது?
பென்சில் அந்த இடத்திலேயே நின்றது.

லோகா கேட்டது வேறு.
"கக்கூசு எங்க கா இரிக்கி?"
எல்லாரும் சிரித்தோம்.
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.
ஹோட்டலில் பிளேன்டீ குடித்தால் விடுவார்களாம்.
ஏழு பிளேன்டீ என்று எழுதினேன்,
விலையை எழுதவில்லை.

அந்த ஊரை எங்களுக்குத் தெரியும், துணியாக.
சீசனில் கிருபைராசா பைநிறையக் கொண்டு வருவார்:
பலகையில் உரசித் தொடை கிழிந்த காற்சட்டைகள்,
பொக்கற்றுக்குள் காய்ந்த உப்பு.
ஒருமுறை சிப்பித் துண்டொன்று
என் ஊசியை உடைத்தது.
யாரோ ஒரு நெட்டை வெள்ளைக்காரனின் இடுப்பளவு
எனக்கு மனப்பாடம்.
அவன் விழுந்தெழும்பும் அலையை
நான் கண்டதில்லை.

எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது?
அபாயா நனைந்தால் ஆளை இழுக்கும் என்றாள் பஸீனா.
சுடிதார் ஒட்டும் என்றாள் தர்மினி.
அலுமாரியின் மேலே குடைத்துணி மிச்சமிருந்தது.
மூன்று இரவு, கடை மூடின பிறகு,
ஏழு நீளக் காற்சட்டை, ஏழு தொளதொள மேற்சட்டை.
தையலுக்கு அரை அங்குலம் கூட விட்டேன்,
அலை எந்தப் பக்கம் இழுக்கும் என்று
யார் கண்டது.
றிஸ்மியா போட்டுப் பார்த்தாள்.
கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி
"மழைக்கோட்டு விளம்பரம்" என்றாள்.
கழற்ற மட்டும் மனமில்லை.

திரும்புவது ஐந்துக்கு.
பிந்தினால் கோமாரிக்கு அங்கால் ரோட்டில் யானை நிற்கும்.
ஏழு மணிக்கு லோகாவின் மனுசனுக்கு ஊசி போட வேண்டும்.
ஐந்தின் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

நேற்றுப் பள்ளிக்கூடச் சீருடை, முப்பத்தெட்டு.
புதிதாய் வந்த பிள்ளை சுலக்சி
மேசையில் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டு
வெட்டிவிட்டாள்,
பத்து வயதுச் சட்டை ஒன்றின் அளவுக்கு.
கையில் மணிக்கூட்டுச் சந்தி.
முதுகில் ஏழு பிளேன்டீ.
கடல் என்று எழுதியிருந்த இடம்
கழுத்துக்கு வளைத்த வளைவோடு போயிற்று.
குப்பைக் கூடையைக் கவிழ்த்தோம்.
நூல், பொத்தான், சொக்லேற் தாள்.
பிள்ளை அழத் தொடங்கினாள்.

வெட்டு சுத்தமாக இருந்தது. அதைச் சொன்னேன்.
பிறகு ஏழை எட்டாக்கிப் பிரித்துப் பார்த்தேன்.
ஆளுக்கு ஒன்றே முக்கால் சட்டை.
தர்மினிக்கு இன்னும் கால் சட்டை இடித்தது,
பிள்ளைக்கோ காற்சட்டையே இல்லை.
குடைத்துணி முடிந்திருந்தது.
என் மெஷினின் உறையைக் கழற்றி
அவளைக் கிட்ட வரச்சொல்லி
இடுப்பை அளந்தேன்.

போன் அடித்தது, கிருபைராசா.
"எத்தின மணிக்கு வரட்டும்?"
சட்டைக் கையைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்தேன்.
"ஆறரை."
"திரும்புறது?"
"பொறுங்க,
கொலரைத் தேடுறன்."